தேவகோட்டை ரஸ்தாவின் கொட்டகையும் நம் தோட்டத்து மரக் கொட்டகையும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் கடைசிப் பொருளாக வந்து, அதிக நேரம் எடுத்துக்கொண்டது நம் பின்பக்கத் தோட்டத்து மரக் கொட்டகை. கட்டட வேலை நடந்தபோது போட்ட கொட்டகை அது. இப்போது அதில் மண்வெட்டி, தண்ணீர்க் குழாய், உடைந்த ஊஞ்சல் பலகை தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் தவிலும் டிரம்ஸும் பழகுவதற்கு அதைச் சத்தம் வெளியே வராத அறையாக மாற்றித் தரலாம் என்றார்கள் சிலர். சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டினால் போதும் என்று ஒரு மதிப்பீடும் வாங்கி வந்திருந்தார்கள். முட்டை அட்டையே போதும், காசு மிச்சம் என்றார் இன்னொருவர். சி பிளாக்கில் இதய அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவர், "பிள்ளைகள் படிக்கட்டும், நான் எங்கே போவது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நின்ற ஆட்கள் நம் ஊர்ப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கவலை வெளியே போகும் சத்தம் அல்ல, உள்ளே வரும் சத்தம். ஆனால் சுவருக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது தடுக்கிற அளவு ஒரே அளவு. அதனால் நீங்கள் கை தூக்குவதற்கு முன் அந்தக் கதையைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். பழைய கதைதானே என்று தாண்டிப் போகாதீர்கள். நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும்.

தமிழில் சினிமா அரங்குக்கு முதலில் ஒட்டிக்கொண்ட பெயரே கொட்டகை. என் வயதுக்காரர்கள் இன்றும் "கொட்டகையில் என்ன படம்?" என்றுதான் கேட்போம். நாடகக் கொட்டகையில் படம் காட்டினார்கள், பெயரும் கூடவே வந்துவிட்டது. கீற்று வேய்ந்த டூரிங் டாக்கீஸ் நினைவிருக்கும். டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே மணலில் உட்கார்ந்து பார்ப்பார்கள், வாங்காதவர்கள் வெளியே வரப்பில் உட்கார்ந்து முழுப் படத்தையும் காதால் கேட்பார்கள். தென்னங்கீற்று எதிரொலியை நன்றாகக் குடித்துவிடும், அதனால் உள்ளே வசனம் தெளிவாகக் கேட்கும். ஆனால் சத்தத்தை வெளியே விடாமல் தடுக்கும் சக்தி அதற்குக் கிடையாது. இந்த இரண்டு குணத்தையும் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டத்தில் நடந்த வாதத்தில் பாதி இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்ததுதான்.

ஊமைப்படக் காலத்தில் ஸ்டுடியோவுக்குச் சுவரே தேவைப்படவில்லை, வெயில்தான் தேவை. பேச்சு வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14-ல் பம்பாயில் வெளியானது. ஆர்தேஷிர் இரானியின் ஸ்டுடியோவில் ஒலி புகாத தளம் கிடையாது, பக்கத்திலேயே ரயில் பாதை. அதனால் ரயில் ஓட்டம் அடங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி விடியற்காலம் வரை படம் பிடித்தார்கள். மைக்கை நடிகர்களுக்குப் பக்கத்தில் மறைத்து வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த நம் 'காளிதாஸ்' படமும் பம்பாயில் அதே இரானியின் இடத்தில் எடுத்ததுதான். சுவருக்குப் பதில் கடிகாரத்தை வைத்துச் சத்தத்தைத் தடுத்தார்கள் என்று சொல்லலாம். காசில்லாதவனின் ஒலித்தடுப்பு எப்போதும் நேரக் கட்டுப்பாடுதான். இன்றைக்கும் நம் சங்கத்துக்கு அது பொருந்தும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பாரமவுண்ட் நிறுவனம் பெரும் செலவில் கட்டிவந்த ஒலித் தளம் 1929 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. படங்களை நிறுத்த முடியாது. பழைய ஊமைப்படத் தளங்களிலேயே கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஊர் அடங்கிய இரவில் வேலை பார்த்தார்கள். அப்போது இன்னொரு தலைவலியும் இருந்தது. கேமராவே தையல் இயந்திரம் போலக் கடகடவென்று ஓடும். முதலில் கேமராவையும் கேமராக்காரரையும் சேர்த்து ஒரு மரக் கூண்டுக்குள் வைத்து மூடி, முன்பக்கம் கண்ணாடி வைத்தார்கள். உள்ளே இருந்தவர் வேர்த்து விறுவிறுத்துப் போவார். பிறகுதான் கேமராவுக்கு மட்டும் ஓர் உறை போட்டால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். பெரிய இடத்தை அடைப்பதைவிடச் சத்தம் போடும் சாமானை அடைப்பது சுலபம். ஹாலிவுட்டுக்கே அது புரிய சில வருடம் ஆயிற்று.

சென்னையில் 1934-ல் ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோன் என்ற பேசும்பட ஸ்டுடியோவைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி ஒலிப்பதிவு செய்தார். அந்தக் காலத்தில் பெண் ஒருவர் அந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தது பெரிய செய்தி, ஏனோ நாம் அதிகம் பேசுவதில்லை. அன்றைய ஸ்டுடியோக்களில் வெயில் வெளிச்சத்துக்காகத் திறந்த வெளியிலேயே படம் எடுத்ததால் காக்கைகள் பெரும் தொல்லையாக இருந்தன. கதாநாயகி உருகிப் பாடும்போது ஒரு காக்கை கரைந்தால் காட்சி போச்சு, பிலிம் போச்சு. காக்கை விரட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1907-ல் காரைக்குடியில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆவிச்சி செட்டியார் இங்கே கடை வைத்திருந்தார், அதில் கிராமபோன் இசைத்தட்டும் விற்றார்கள். மகன் சென்னைக்குப் போய்க் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி இசைத்தட்டு வியாபாரத்தைப் பெரிதாக்கினார். படம் எடுக்க இறங்கியபோது அவர் வைத்த பெயர் சரஸ்வதி சவுண்ட் புரொடக்ஷன்ஸ். பெயரிலேயே சத்தம். 1935-ல் வந்த முதல் படம் 'அல்லி அர்ஜுனா' ஓடவில்லை. அடுத்ததும் கைகொடுக்கவில்லை. ஆனாலும் இசைத்தட்டுக்காரரின் காது அவரிடம் இருந்தது. 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் ஒரு நடிகையின் பாட்டு சரியில்லை என்று பட்டதும், லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்துச் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அப்படித்தான் தொடங்கியது. 1944-ல் கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். 1945-ல் 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மிணியின் பாட்டு மனதுக்கு நிறைவாக இல்லை என்று, பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து எடுத்த படத்தின் மேலேயே ஒலியை மாற்றிப் பொருத்தினார்.

இதையெல்லாம் ஏன் அடுக்குகிறேன் என்றால், படமும் சத்தமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பிறக்க வேண்டியதில்லை என்பதை அவர் அதற்குள் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தார். அடுத்து அவர் செய்த காரியம் அந்தத் தெளிவு இல்லாமல் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

1945 அக்டோபர் 14-ல் ஏவிஎம் நிறுவனம் பிறந்தது. யுத்தம் முடிந்த சமயம், சென்னையில் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு. புது ஸ்டுடியோ எழுப்ப வழியில்லை. அவர் சொந்த ஊரை நோக்கித் திரும்பி, தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து அதை ஸ்டுடியோவாக மாற்றினார். ரஸ்தா உங்களுக்குத் தெரிந்த இடம்தான். நம்மில் பலர் தேவகோட்டைக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் போகிறோம்.

இப்போது அந்த இடத்தில் ஓர் ஒலிப்பதிவாளராக உங்களை வைத்துப் பாருங்கள். நாடகக் கொட்டகை என்பது மைக் இல்லாத காலத்தில் நடிகரின் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருவதற்காகக் கட்டப்படுவது. உயரமான கூரை, காற்றுக்குத் திறப்பு, மெல்லிய அடைப்பு. நாடகத்துக்கு நல்லது எதுவோ அதுவெல்லாம் ஒலிப்பதிவுக்குக் கெடுதல். பக்கத்தில் காரைக்குடி - மானாமதுரை ரயில் பாதை, நீராவி எஞ்சின் காலம். இரவில் சில்வண்டு, மழை பெய்தால் தவளை. பம்பாயில் இரவு நேரம் அமைதி தந்தது. நம் கண்மாய்க் கரைகளில் இரவுக்குத்தான் சத்தம் அதிகம்.

அங்கேதான் 'நாம் இருவர்' உருவானது. 1947 பொங்கலுக்கு வெளியாகி பெரிய வெற்றி பெற்றது. டி.ஆர். மகாலிங்கம் கதாநாயகன். இருபது வயதுதான் ஆகியிருந்த வி.கே. ராமசாமி அதில் கிழவராக வந்தார், அதுவே அவருக்கு முதல் படம். சுதந்திரம் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் பாரதியார் பாடல்களைத் தமிழ்நாடு முழுக்க முணுமுணுக்க வைத்த படம் அது. பாடியவர் டி.கே. பட்டம்மாள், திரையில் ஆடியவர் குமாரி கமலா. இந்த இரண்டு பெயரையும் சேர்த்துப் படியுங்கள், கொட்டகைக்கான விடை அதில் இருக்கிறது. பாட்டு ஒரு நேரத்தில் அமைதியான ஓர் இடத்தில் பதிவாகிவிடுகிறது. பிறகு அதை ஒலிபெருக்கியில் போட்டு ஆடச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் ரயில் கூவினால் என்ன, தவளை கத்தினால் என்ன? நிசப்தம் தேவைப்படும் வேலை வசனத்தோடு நின்றுவிடுகிறது. வசனத்துக்கு மைக் வாய்க்கு அருகே இருக்கும், சத்தம் வந்தால் காத்திருந்து மறுபடி எடுக்கலாம். முழுக் கொட்டகையையும் அடைத்துத் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் போகிறது.

1948-ல் 'வேதாள உலகம்' வந்தது, அதுவும் காரைக்குடிப் படம்தான். மின்சார நிலைமை மாறியதும் அந்த ஆண்டே நிறுவனம் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

இனிக் கணக்கு. முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதியவன், அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். அங்கே பேசினால் ஒரு சொல் அடங்க ஐந்து வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் அடுத்த பத்துச் சொல் வந்து மோதும். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து போட்டு, ஒரு ஊதுகுழல் சத்தம் அடங்க எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்து அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைகிறது என்ற விதி அப்படிக் கிடைத்ததுதான். ஸ்பாஞ்ச், முட்டை அட்டை, ஜமுக்காளம், தென்னங்கீற்று எல்லாம் இந்தக் கணக்கில் சேர்பவை. அறைக்குள் முழக்கத்தை அடக்கும். சி பிளாக்குக்குப் போகும் சத்தத்தை அடக்காது.

வெளியே போகும் சத்தத்தை அடக்குவது எடை. சுவரின் எடை இரட்டிப்பானால் சத்தம் அதிகபட்சம் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான். நம் கொட்டகையின் முக்கால் அங்குல மரப் பலகை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோவைத் தாண்டும். 12-லிருந்து இரட்டித்துக்கொண்டே போங்கள்: 24, 48, 96, 192, 384. ஐந்து படி, ஆக மொத்தம் 30 டெசிபல் வித்தியாசம். இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோகூட வராது. பதின்மூன்றரைக் கிலோவாக ஆன சுவர் என்ன செய்துவிடும்? மதிப்பீட்டில் எழுதியிருக்கும் தொகையை இந்த ஒன்றரைக் கிலோவுக்குத்தான் கொடுக்கப்போகிறோம்.

நம் செட்டிநாட்டு வீடுகள் இதற்கு நல்ல சாட்சி. முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாங்கட்டில் நடக்கும் சண்டை கேட்காது. கனத்த சுண்ணாம்புச் சுவரும் பர்மாத் தேக்குக் கதவும் செய்யும் வேலை அது. அதே வீட்டில் வளவுக்குள் நின்று கைதட்டினால் வழுவழுப்பான சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் சேர்ந்து முழங்கும். தடுப்பும் முழக்கமும் வேறு வேறு என்பதை நம் முன்னோர் வீடு தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. காரைக்குடிச் சகோதரர்கள் என்று பேர் பெற்ற சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் வீணை வாசித்த காலத்தில் இதை ஊரே அறிந்திருக்கும். வீணை மெல்லிய நாதம். கூடம் நன்றாக இல்லாவிட்டால் கேட்கவே கேட்காது.

இடுக்கு இன்னொரு விஷயம். நூறு சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறந்திருந்தால், மற்ற தொண்ணூற்றொன்பது அடியும் கருங்கல்லாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. வங்கிப் பெட்டக அறைக்குள் நாணய மூட்டையைக் கொட்டி எண்ணியதை நான் வெளியே இருந்து கேட்டிருக்கிறேன். கதவு முழுக்கச் சாத்தியிருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு சாண் திறந்திருந்தால் எத்தனை மூட்டை என்றே சொல்லிவிடலாம். நம் மரக் கொட்டகையில் பலகைக்குப் பலகை இடுக்கு. எல்லாவற்றையும் அடைத்து, உள்ளே இன்னொரு சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவில் காற்றிடைவெளி விட்டு, ரப்பர் ஓரம் வைத்த கனமான கதவு போட்டால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் சித்திரை, வைகாசியில் காரைக்குடி வெயிலில் காற்றுப் புகாத மரப்பெட்டிக்குள் பிள்ளைகளை உட்காரவைக்க முடியுமா? ஏசி வேண்டும், வெளிக்காற்றுக்கு வழி வேண்டும், அந்த வழியில் சத்தம் போகாமல் இருக்க வளைத்து வளைத்துக் குழாய் விட வேண்டும். செலவு எங்கே போய் நிற்கும் என்று பொருளாளர் சொல்லட்டும்.

செலவைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்ட் வார்விக் என்ற ஊரில் ஓர் இசை விடுதி எரிந்தது. மேடைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் வாணப்பொறி பட்டுச் சில நிமிடங்களில் கட்டடம் முழுக்கத் தீ. 100 பேர் இறந்தார்கள். அந்த ஸ்பாஞ்ச் ஏன் ஒட்டப்பட்டது தெரியுமா? அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்ததால். பத்து வருடம் கழித்து, 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் இன்னொரு விடுதி. கூரையில் அதே மாதிரி ஸ்பாஞ்ச், அதே மாதிரி வாணம், 242 உயிர். எரியும்போது அது கக்கும் நச்சுப் புகைதான் ஆளைக் கொல்கிறது, தீ வந்து சேரும் முன்பே. நாம் யாரும் கொட்டகைக்குள் வாணம் விடப்போவதில்லை என்பீர்கள். பழைய மர அறைக்குள் ஏசி, ஸ்பீக்கர், நீட்டிப்புப் பலகை என்று மின்கம்பி இழுக்கத்தானே போகிறோம்? அதுவும் ஒரே கதவு, அதுவும் சத்தம் போகாமல் இறுக்கிச் சாத்திய கதவு, உள்ளே குழந்தைகள். இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்பாஞ்சுக்கும் முட்டை அட்டைக்கும் நான் எதிராகக் கை தூக்குவேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தவில் பழகும் பையன் மார்ச் மாதம் தேர்வுக்குப் போக வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் வரை இருக்கலாம். தவிலும் டிரம்ஸும் பக்கத்தில் நின்றால் நூறைத் தொடும். விதியைக் காட்டிப் பையனை விரட்டவும் எனக்கு மனமில்லை, பெரியவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும் மனமில்லை.

நம்மிடம் ஏ பிளாக்குக்குப் பின்னால் பழைய ஜெனரேட்டர் அறை இருக்கிறது. புது ஜெனரேட்டரை உறையோடு வாங்கி வெளியே வைத்த பிறகு அது பூட்டியே கிடக்கிறது. மறந்துவிட்டீர்களா? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், சி பிளாக்குக்கு நேர் எதிர்ப்பக்கம். குறை என்னவென்றால் கம்பி வலை அடித்த பெரிய காற்றுத் திறப்பும் தகரக் கதவும். திறப்பைச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும், தகரத்துக்குப் பதில் கனமான மரக் கதவு போட்டு அடியில் ரப்பர் வைக்க வேண்டும், அவசரத்துக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வழியும் திறக்க வேண்டும். உள்ளே முழக்கத்துக்கு நாலு பழைய ஜமுக்காளத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டால் போதும். டிரம்ஸ் பழகுபவர்கள் முதல் பாடங்களை ரப்பர் பலகையில் அடித்துப் பழகலாம், கீபோர்டுக்குக் காதில் மாட்டும் கருவி இருக்கிறது. மிச்சமிருப்பது தவில் ஒன்றுதான். அதற்கு மாலை நாலரை முதல் ஆறு வரை என்று நேரம் வைத்துக்கொள்ளலாம். பெரியவர் அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொன்னார், நான் கேட்டுவிட்டேன்.

ஜெனரேட்டர் அறைச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்தப் பையனை உள்ளே உட்கார்ந்து பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். காற்றுத் திறப்பைத் திறந்து வைத்து ஒரு முறை, மணல் மூட்டை அடுக்கி அடைத்து இன்னொரு முறை. அப்புறம் மரக் கொட்டகையிலும் ஒரு முறை. நீங்கள் உங்கள் உங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, மூன்று முறையும் எப்படிக் கேட்டது என்று ஒரு தாளில் எழுதி, காவலர் மேசையில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். வீட்டு எண்ணையும் எழுதுங்கள்.